நிலவுக்குப் போகாத மண்

2023 ஆகஸ்ட் கடைசி வாரம். சந்திரயான்-3 நிலவில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தருமபுரி பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் "பத்து நிமிஷம் பசங்ககிட்ட பேசுங்க சார்" என்று கூப்பிட்டார்கள். நான் விஞ்ஞானி இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பாறை, கல்வெட்டு, பழைய வரைபடம் என்று கிடைத்ததையெல்லாம் படிக்கும் கிறுக்கு உண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் யாருக்குத்தான் பேச ஆசை வராது?

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். "நம்ம நாமக்கல் மண்ணு நிலாவுக்குப் போயிருக்கு" என்று ஆரம்பித்தேன். பசங்க கை தட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், நிலாவுலயே மண்ணு இருக்குமே, இங்கருந்து எதுக்கு சார் எடுத்துட்டுப் போனாங்க?"

என்னிடம் பதில் இல்லை. "ஆராய்ச்சிக்கும்மா" என்று மழுப்பினேன். மணி அடித்தது, தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் சொன்னதே தப்பு. அந்த மண் நிலவுக்குப் போகவே இல்லை. பெங்களூரோடு நின்றுவிட்டது. உண்மையில் என்ன நடந்தது என்பது, நான் சொன்ன பொய்யைவிட எனக்கு நூறு மடங்கு சுவாரஸ்யமாக இருந்தது. அன்றிலிருந்து விட்டு விட்டு எழுதிய குறிப்புகளைச் சேர்த்து, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலாக இதை எழுதுகிறேன்.

பெங்களூருக்குள் ஒரு நிலவு

நிலவில் ஒரு ரோவரை ஓட்ட வேண்டும். ஆறு சக்கரம், 27 கிலோ எடை, வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். அது புதைந்துவிட்டால் தள்ளிவிட அங்கே ஆள் கிடையாது. ஆகவே இங்கேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எங்கே ஓட்டுவது? ஆற்று மணலிலா, செம்மண்ணிலா?

நிலவு மண் நம் மண் மாதிரி இருக்காது. நம் ஊர் மணலை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரி அதை உருட்டிப் புரட்டிக் கொண்டுவந்து சேர்க்கிறது. போகப் போக முனைகள் மழுங்கிவிடும். நிலவில் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. விண்கற்கள் இடித்து இடித்துப் பாறை பொடியாகிறது. அந்தப் பொடி கூர் மழுங்காமல் அப்படியே கிடக்கிறது. உடைத்த கண்ணாடித் தூள் மாதிரி. சராசரித் துகள் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும், அதே சமயம் கால் வைத்தால் உள்ளே வாங்கும்.

அதனால் விண்வெளி நிறுவனங்கள் 'போலி நிலவு மண்' தயாரிக்கின்றன. அமெரிக்கர்கள் 1990களில் தயாரித்த ஜே.எஸ்.சி-1 என்ற மண் இதில் பிரபலம். அரிசோனாவில் ஒரு எரிமலைச் சாம்பல் படிவிலிருந்து எடுத்தது. ஆனால் அதில் இரண்டு சிக்கல்.

ஒன்று விலை. அமெரிக்க மண் கிலோ 150 டாலர் என்று மயில்சாமி அண்ணாதுரை ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். தேவைப்பட்டதோ 60, 70 டன். 60 டன் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்: 90 லட்சம் டாலர். மண்ணுக்கு!

இரண்டாவது சிக்கல்தான் முக்கியமானது. நிலவில் இரண்டு வகை நிலம் உண்டு. வெறும் கண்ணால் பார்த்தாலே தெரியும் கறுப்புத் திட்டுகள் ஒரு வகை. அவை எரிமலைக் குழம்பு பரவி உறைந்த பசால்ட் சமவெளிகள். வெள்ளையாகத் தெரியும் மீதிப் பகுதி மேட்டுநிலம். அரிசோனா சாம்பல் கறுப்புத் திட்டுக்குப் பொருந்தும். சந்திரயான் இறங்கப்போனது தென் துருவப் பக்கம், வெள்ளை மேட்டுநிலத்தில். அதற்கு வேறு பாறை வேண்டும். அந்தப் பாறையின் பெயர் அனார்த்தசைட்.

குருந்தக்கல் ஊர்

அனார்த்தசைட் என்பது பெரும்பாலும் ஒரே கனிமத்தால் ஆன பாறை. பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் என்பது அந்தக் கனிமத்தின் பெயர். பூமியில் இந்தப் பாறை பல இடங்களில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்தக் கனிமத்தில் சோடியம் கணிசமாகக் கலந்திருக்கும். நிலவு மேட்டுநிலப் பாறையில் கால்சியம்தான் தூக்கல். அப்படிக் கால்சியம் தூக்கலான அனார்த்தசைட் பூமியின் மிகப் பழைய பாறைகளில்தான் அதிகம் கிடைக்கும். கிரீன்லாந்தில் ஃபிஸ்கெனெஸெட் என்ற இடத்தில் இருக்கிறது. நம்மிடம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

சித்தம்பூண்டி புவியியல்காரர்களுக்குப் புதிய பெயர் இல்லை. அந்தப் பாறைகளுக்குள் குருந்தக்கல் கிடைக்கும். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்களே, அது நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். 1956இல் ஏ.பி. சுப்பிரமணியம் என்ற புவியியலாளர் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியைப் பற்றி அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் இதழில் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'சேலம் மாவட்டம், மதராஸ் மாநிலம்' என்று வரும். அப்போது நாமக்கல்லும் சேலத்துக்குள், எங்கள் தருமபுரியும் சேலத்துக்குள். நாங்கள் 1965இல் பிரிந்தோம், நாமக்கல் 1997இல் பிரிந்தது. ஆக, அந்தக் கட்டுரை வந்தபோது அந்தப் பாறை எங்கள் மாவட்டத்துப் பாறை. ஒரு சின்ன சந்தோஷத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் வருஷம். 1956இல் மனிதன் நிலவுக்குப் போகவில்லை. ஸ்புட்னிக்கூட ஏவப்படவில்லை. நிலவின் மேட்டுநிலம் எந்தப் பாறை என்று அடித்துச் சொல்ல யாரும் இல்லை. சுப்பிரமணியம் தன் ஊர்ப் பாறையைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதினார்.

1969இல் அப்பல்லோ-11 கொண்டுவந்த மண்ணில், சில மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளைத் துணுக்குகள் கலந்திருந்தன. ஜான் வுட் என்ற ஆய்வாளரின் குழு அவை அனார்த்தசைட் என்று கண்டுபிடித்து, 1970 ஜனவரியில் ஹூஸ்டன் மாநாட்டில் ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னது. அதாவது, பிறந்த காலத்தில் நிலவின் மேல்பகுதி உருகிய பாறைக் கடலாக இருந்தது. அது ஆறும்போது, கனமான கனிமங்கள் கீழே போக, லேசான பிளாஜியோகிளேஸ் மேலே மிதந்து வந்து மேலோடாகிவிட்டது. பாலைக் காய்ச்சினால் ஏடு மேலே வருகிற மாதிரி. ஒரு சிட்டிகைத் துணுக்கை வைத்து முழு நிலவுக்கும் கதை சொன்னார்கள். 1971இல் அப்பல்லோ-15 வீரர்கள் ஓர் அனார்த்தசைட் கல்லையே எடுத்துவந்தார்கள். அதற்கு 'ஆதியாகமப் பாறை' என்ற அர்த்தத்தில் பெயரே வைத்துவிட்டார்கள்.

தொப்பூர் வழியாகப் போன நிலவு

இஸ்ரோவின் பெங்களூர் செயற்கைக்கோள் மையம், சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை, திருச்சி என்.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் என்று பலர் கூடி வேலை செய்தார்கள். பெரியார் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். அன்பழகன் குழு சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை ஆராய்ந்து, அப்பல்லோ-16 மேட்டுநில மண்ணோடு ஒப்பிட்டுத் தேர்வு செய்தது. மண்ணின் உறுதி, உராய்வு ஆகியவற்றைப் பார்ப்பது என்.ஐ.டி.யின் கே. முத்துக்குமரன் போன்ற மண் பொறியியல்காரர்களின் வேலை. 2012 முதல் சுமார் 50 டன் அனுப்பியதாக அன்பழகன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். தயாரிப்பு முறைக்கு 2014 மே மாதம் விண்ணப்பித்து, 2020 மே மாதம் காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள்.

செய்முறை கேட்டால் சப்பென்று இருக்கும். பாறையை வெட்டி, கிரஷரில் போட்டு, வேண்டிய அளவுக்கு நொறுக்கி, சலித்து, பெங்களூருக்கு லாரியில் ஏற்றுவது. எவ்வளவு துகள் எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற விகிதத்தில்தான் சூட்சுமம்.

சேலத்திலிருந்து பெங்களூருக்குச் சரக்கு லாரி போகும் வழி தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். வேறு வழியில் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எங்கள் ஊர் பைபாஸில் ஜல்லி லாரிகளோடு லாரியாக, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போலி நிலவு போயிருக்கிறது. நான்கூட அதை ஓவர்டேக் பண்ணித் திட்டியிருக்கலாம்.

அங்கே அந்த மண்ணைப் பரப்பி, பள்ளங்கள் அமைத்து, ரோவரை ஓட்டினார்கள். அடுத்த சிக்கல் ஈர்ப்பு. நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு. 27 கிலோ ரோவர் அங்கே நாலரைக் கிலோ மாதிரிதான் அழுத்தும். மீதி இருபத்திரண்டரைக் கிலோவை யார் தூக்கிப் பிடிப்பது? ஹீலியம் பலூனைக் கட்டித் தூக்கினார்கள்.

எதில் போலி, எதில் போலி இல்லை

இங்கேதான் ஒரு டெஸ்டிங் ஆளாக எனக்கு உறுத்த ஆரம்பித்தது. பலூன் ரோவரின் எடையைக் குறைக்கிறது. கீழே கிடக்கும் மண் துகளின் எடையைக் குறைக்கிறதா? இல்லை. ஒவ்வொரு துகளும் பூமியின் முழு ஈர்ப்பில்தான் கிடக்கிறது. சித்தம்பூண்டிப் பாறையிலும் வித்தியாசம் உண்டு. அது பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அதில் ஹார்ன்பிளெண்ட் இருக்கும். அது தண்ணீர் சேர்ந்து உருவாகும் கனிமம். நிலவுப் பாறை எலும்பு மாதிரி காய்ந்தது. நிலவு மண்ணில் விண்துகள் மோதி உருகி ஒட்டிய கண்ணாடிக் கட்டிகள் ஏராளம். கிரஷரில் அதைச் செய்ய முடியாது.

அப்படியானால் இது அரைகுறைப் போலிதானே?

என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். பல வருஷத்துக்கு முன் ஒரு நிறுவனத்துக்காகப் பதிவுப் படிவம் ஒன்று எழுதினோம். டெஸ்ட் சர்வரில் பத்தாயிரம் போலி வாடிக்கையாளர்களைப் போட்டு அடி அடியென்று அடித்தோம். ஒரு பிழை இல்லை. திறந்துவிட்ட முதல் நாளே தமிழ்நாட்டிலிருந்து வந்த பாதிப் பேரால் பதிவு செய்ய முடியவில்லை. காரணம், 'கடைசிப் பெயர்' குறைந்தது இரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். நம் ஆட்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? 'மு', 'கா' என்று ஒற்றை இனிஷியல்தான். என் பத்தாயிரம் போலி மனிதர்களுக்கும் அழகான குடும்பப் பெயர் இருந்தது. எத்தனை பேர் ஏறினால் சர்வர் தாங்கும் என்ற கேள்விக்கு அந்த டெஸ்ட் சரியான பதில் சொன்னது. நான் கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

சித்தம்பூண்டி மண்ணிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தச் சக்கரம் இந்த மாதிரி மண்ணில் புதையுமா, வழுக்குமா? அதற்குத் துகள் அளவு, வடிவம், அடர்த்தி, உராய்வு இவை ஒத்துப்போனால் போதும். தண்ணீர் சேர்ந்த கனிமம் இருந்தால் சக்கரத்துக்கு என்ன?

உலகம் முழுக்க இதே கதைதான். 1967இல் அமெரிக்கர்கள் அரிசோனாவில் சிண்டர் லேக் என்ற எரிமலைத் தூள் வெளியில் வெடிவைத்து 47 பள்ளங்கள் உண்டாக்கினார்கள். நிலவில் ஒரு குறிப்பிட்ட இடத்தின் படத்தைப் பார்த்து, பள்ளத்துக்குப் பள்ளம் அதே இடத்தில். அவர்களின் கேள்வி, வரைபடத்தில் பார்த்த இடத்தைத் தரையில் நின்று அடையாளம் காண முடியுமா என்பது. 2025 ஆகஸ்டில் லடாக்கின் சோ கார் பகுதியில், கடல் மட்டத்துக்கு 4,500 மீட்டருக்கும் மேலே, இரண்டு பேர் ஒரு கூண்டு வீட்டுக்குள் பத்து நாள் இருந்தார்கள். ஹோப் என்று பெயர். அங்கே குளிர், குறைந்த ஆக்சிஜன், கடுமையான புற ஊதாக்கதிர். கேள்வி மனித உடம்பையும் மனசையும் பற்றியது. அதற்கு சித்தம்பூண்டி உதவாது. சக்கரத்துக்கு லடாக் தேவையில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் ஒரே இடம் நிலவுதான்.

கேட்காத கேள்வி

2019 செப்டம்பர் 7, அதிகாலை. நாமும் தூங்காமல் பார்த்தோமே. விக்ரம் 2.1 கிலோமீட்டர் உயரம்வரை சரியாக வந்து, பிறகு தொடர்பை இழந்தது. நிலவில் மோதி உடைந்தது. உள்ளே இருந்த ரோவரின் சக்கரம் ஒரு துகளைக்கூடத் தொடவில்லை. இத்தனை டன் மண், இத்தனை வருஷ உழைப்பு, பலூன், கிரஷர்... எதற்கும் வாய்ப்பே வரவில்லை.

என்ன நடந்தது என்பதை இஸ்ரோ தலைவராக இருந்த சோம்நாத் 2023 ஜூலையில் விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக உந்தின. பிழை சேர்ந்துகொண்டே போனது. அதைச் சரிசெய்ய வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் திரும்பும் வேகத்துக்கு வரம்பு வைத்திருந்தார்கள். இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தப்பில்லை. சேர்ந்து வந்தபோதுதான் விழுந்தது. படித்தபோது என் வயிற்றைப் பிசைந்தது. 'இரண்டு எழுத்து' வரம்பு வைத்தவனுக்கு அந்த வலி புரியும்.

அடுத்த முறை கேள்வியை மாற்றினார்கள். எது சரியாக நடக்கும் என்பதை விட்டுவிட்டு, எதெல்லாம் கெட்டுப்போகலாம், கெட்டாலும் எப்படி இறங்குவது என்று யோசித்தார்கள். இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. லேண்டரின் உணரிகளை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டும், எஞ்சினோடு சேர்த்து கிரேனில் தொங்கவிட்டும் சோதித்தார்கள். கால்கள் வெவ்வேறு விதமாகத் தரை தட்டினால் என்னாகும் என்பதைப் போலி நிலவு மண் பரப்பிலேயே சோதித்தார்கள்.

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. மீதி உங்களுக்கே தெரியும்.

நிலவு சொன்ன பதில்

கதை அதோடு முடியவில்லை. பிரக்யான் ரோவர் சுமார் 103 மீட்டர் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சந்தோஷ் வடவாலே குழு அந்த முடிவுகளை 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. தரையில் முக்கியமாக இருந்தது இரும்பு கலந்த அனார்த்தசைட். நிலவின் ஏடு பற்றி 1970இல் சொன்ன கதைக்கு, தென் துருவப் பக்கத்திலிருந்து கிடைத்த நேரடிச் சான்று.

அதாவது, சக்கரம் உண்மையில் ஓடிய மண்ணும் பெங்களூரில் ஓடிப் பழகிய மண்ணும் ஒரே பாறைக் குடும்பம். ஒன்றுக்கு வயது 400 கோடிக்கும் மேல், இன்னொன்றுக்கு 250 கோடி. ஊகித்துத் தேர்ந்தெடுத்தது சரி என்று நிலவே வந்து கையெழுத்துப் போட்ட மாதிரி.

போன தை மாதம் திருச்செங்கோடு வழியாகச் சித்தம்பூண்டிப் பக்கம் போய் வந்தேன். ரிக் வண்டிகள், கோழிப் பண்ணைகள், நடுவில் காட்டு ஓரங்களில் வெளிறிய பாறை. பெரிதாக ஒன்றும் தெரியாது. வரப்பில் நின்ற ஒரு பெரியவர், "ஏனுங்க, கல்லு பாக்கவா வந்தீங்க? நெலாவுக்குப் போன கல்லுங்களா?" என்று கேட்டார்.

"போகலைங்கய்யா. பெங்களூர் வரைக்கும்தான் போச்சு. அங்க நெலாவுல ஓட வேண்டிய வண்டிய இதுமேல ஓட்டிப் பழக்குனாங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப புது மாட்டுக்கு நம்ம காட்டுல ஏர் பழக்குற மாதிரிங்க."

அப்படித்தான். நான் மூன்று பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அந்தப் பெண் இப்போது பள்ளியை முடித்துப் போயிருப்பாள். அவள் கேட்டது சரியான கேள்வி: நிலவிலேயே மண் இருக்கிறது, அதனால் யாரும் இங்கிருந்து எடுத்துப் போகவில்லை. அங்கே போய் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை என்பதால், அந்த மண்ணைப் போல ஒன்றை இங்கே செய்து, முதலில் இங்கே விழுந்து பார்த்தோம். பள்ளித் தலைமை ஆசிரியருக்கு இந்த இணைப்பை அனுப்பப் போகிறேன். எங்காவது கண்ணில் பட்டால் படிக்கட்டும். அன்றைக்கு மழுப்பியதற்கு மன்னிச்சுக்கம்மா.